இருபத்து மூன்று பேர் என்ன சம்பாதிக்கிறார்கள்

ஏப்ரல் 21, திங்கள்

என் பெயர் மாரப்பன். வயது எழுபத்தொன்று. ஊர் பொள்ளாச்சி. இந்த மூன்று வரியையும் நானே எழுதினேன். எழுதிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்து வந்து திரும்பப் படித்தேன். எழுதியது அப்படியே இருந்தது.

முதியோர் எழுத்து வகுப்பில் ஒன்பது மாதம் படித்துப் போன மாதம் தேர்ச்சி பெற்றேன். "தினமும் எழுதுங்க ஐயா. ஒரு வரியானாலும் போதும்" என்று சகுந்தலா டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்தார். தேங்காய் மண்டியில் நாற்பத்தாறு வருடம் மட்டை உரித்த கை இது. பேனா அதற்கு ரொம்பச் சின்னது. அடிக்கடி நழுவுகிறது.

இப்போது தெருவில் நடப்பதே பெரிய வேலையாகிவிட்டது. எல்லாப் பலகையையும் படிக்க வேண்டியிருக்கிறது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளையும் விடுவதில்லை. எங்கள் பகுதியில் யார் போய்விட்டார் என்று இப்போது எனக்குத்தான் முதலில் தெரிகிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் களி. துணி துவைத்தேன். கை வலி.

ஏப்ரல் 24, வியாழன்

என் மகள் பூங்கோதை இன்று ஒரு காகிதம் கொண்டுவந்தாள். அவளுக்கு முப்பத்தேழு வயது. மாப்பிள்ளை காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அதிலிருந்து நானும் அவளும்தான் இந்த வீட்டில். பதினான்கு வருடமாக ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறாள். சம்பளம் பதினோராயிரம். வேலை முழுக்க அவளுடையது. முதலாளி மற்றவர்களிடம் அவளை 'ஹெல்பர்' என்றுதான் சொல்வார்.

"அப்பா, இதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்" என்று கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

படிக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நம் ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் திரைப்படப் பட்டப்படிப்பு இருக்கிறது. மூன்று வருடம். வருடக் கட்டணம் முப்பத்திரண்டாயிரம். வகுப்பு காலை ஒன்பது முதல் இரண்டு வரை. ஜூன் ஆறாம் தேதிக்குள் சேர வேண்டும். கடைசி வரியை இரண்டு தடவை சத்தமாகப் படித்தேன். "வயது வரம்பு இல்லை."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. "அந்த வரிக்காவத்தான் கொண்டாந்தனுங்" என்றாள்.

படிப்புப் பேச்சு வந்தால் நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மகன் தங்கவேல் வந்தான். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். கூலிக்கு லாரி ஓட்டுகிறான். என் பேரில் வங்கி டெபாசிட்டில் இரண்டரை லட்சம் இருக்கிறது. மே முப்பதாம் தேதி கைக்கு வரும். அதை முன்பணமாகக் கட்டிக் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை.

பூங்கோதை காகிதத்தைக் காட்டினாள். தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பது போல் பார்த்தான்.

"ஏக்கா, சினிமாவுக்குப் படிக்கறதா? சினிமாவுல இருக்கறவிய எல்லாம் படிச்சா வந்தாங்க?"

"நீ லாரி ஓட்டப் படிக்காமயே லைசென்ஸ் வாங்குன மாதிரியா?"

"படிச்சு முடிக்கறப்ப உனக்கு நாப்பது ஆயிரும்க்கா. சின்னப் பசங்க நடுவால போயி உக்காருவியா?"

"உக்காரச் சொன்னா உக்காருவேன். நின்னுக்கிட்டே வேலை செஞ்சு பதினாலு வருசமாச்சு."

பிறகு அவன் என்னிடம் திரும்பினான். "வண்டி நின்னாலும் வித்துரலாம். படிப்ப விக்க முடியுமுங்களா? என்ற சிநேகிதன் மாசம் நாப்பத்தஞ்சாயிரம் எடுக்கறான். நீங்களே முடிவு பண்ணுங்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பணம் ஒன்று. பிள்ளைகள் இரண்டு. கணக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எழுத்து எனக்குப் புதிது. கணக்கு பழையது.

மே 2, வெள்ளி

கல்லூரிக்கு நானே போய் வந்தேன். வாசலில் பெரிய பலகை. நான்கு பேர் படம். ஒருவர் சென்னையில் உதவி இயக்குநர், ஒருவர் தொலைக்காட்சியில், ஒருவர் சொந்த ஸ்டூடியோ, ஒருவர் ஒளிப்பதிவாளர். படித்ததும் சந்தோஷம் பொங்கிவிட்டது. பூங்கோதையின் படத்தை ஐந்தாவதாக அங்கேயே மனதில் மாட்டிவிட்டேன்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சுரீர் என்றது. மண்டியில் நாற்பத்தாறு வருடம் இருந்தவன் செய்கிற காரியமா இது? காய் வாங்க வருகிறவன் குவியலின் மேலே இருக்கிற காயைத் தொடவே மாட்டான். நல்ல காயைத்தான் மேலே போட்டிருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கையை உள்ளே விட்டு அடிக்காயை உருவி, தட்டிப் பார்த்து, அதற்குத்தான் விலை பேசுவான். மேல்காய் பார்த்து வாங்குகிறவனை எங்கள் மண்டியில் 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுச் சிரிப்போம். இன்று நான் மாப்பிள்ளை ஆகிவிட்டேன்.

பூங்கோதை பன்னிரண்டாவது முடித்தபோது கோயமுத்தூரில் ஒரு கல்லூரிக்கு எழுதிப் போட்டிருந்தாள். ஒரு தபால் வந்த மாதிரி ஞாபகம். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாதே. எங்கே வைத்தேனோ.

மே 5, திங்கள்

மறுபடி கல்லூரி. உள்ளே நடைபாதையில் மூன்று வருடத்துக்கு முன் படித்து முடித்தவர்களின் குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது. கீழே எல்லோர் பெயரும் இருக்கிறது. இருபத்து மூன்று பேர். பலகையில் பார்த்த நான்கு பேரும் இதில் இருக்கிறார்கள். இதுதான் குவியல்.

நின்றபடி எழுதினேன். பதினொரு பெயர் எழுதுவதற்குள் கால் மரத்துவிட்டது.

மே 6, செவ்வாய்

மீதிப் பன்னிரண்டு பெயர். துறைத் தலைவர் ஞானப்பிரகாசம் சார் வெளியே வந்து, "யாருங்க ஐயா? என்ன எழுதறீங்க?" என்றார்.

"புள்ளையச் சேக்கலாமான்னு பாக்கறனுங். பலகையில நாலு பேரு இருக்கறாங்க. மத்த பத்தொம்பது பேரு என்ன சம்பாதிக்கறாங்கன்னு தெரியோணுங்."

அவர் என் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் என்று நினைத்தேன். உள்ளே கூட்டிப் போய் நாற்காலி போட்டார். "இத்தனை வருசத்துல இந்தக் கேள்விய யாருமே கேட்டதில்லீங்க. எனக்கே தெரியாது. தெரிஞ்சா எனக்கும் ஒரு ஜெராக்ஸ் குடுங்க" என்றார். அந்த வகுப்பின் தலைவனாக இருந்த பையனைப் போனில் பிடித்துக் கொடுத்தார். அவன் மூலம் மற்றவர்களைப் பிடிக்கலாம்.

மே 7, புதன்

ஐந்து பேரிடம் பேசினேன். ஒருவன், "தாத்தா, நீங்க எந்தப் பேங்க்கு? நான் லோன் எதுவும் வாங்கல" என்று வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டு விளக்கினேன். சிரித்தான். டைல்ஸ் கடையில் இருக்கிறானாம்.

மே 9, வெள்ளி

மழை. கூரையில் ஒரு ஓடு நகர்ந்து ஒழுகியது. நான்கு பேர்.

மே 14, புதன்

கணக்கு முடிந்தது. நான்கு பேர் அகப்படவே இல்லை. பத்தொன்பது பேரிடம் பேசிவிட்டேன். அதில் பதினொரு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பலகையில் ஒளிப்பதிவாளராகச் சிரிக்கிற பையன் இப்போது செல்போன் கடையில் இருக்கிறான். பலகையிலிருந்து படத்தைக் கழற்றச் சொன்னால் அம்மா வருத்தப்படுவாள் என்று விட்டுவைத்திருக்கிறானாம்.

எட்டுப் பேர்தான் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அதில் மூன்று பேர் சென்னையில். ஒருவனுக்கு மாதம் இருபத்திரண்டாயிரம். மற்ற இரண்டு பேருக்குப் படப்பிடிப்பு நடக்கிற நாளில் சாப்பாடும் பேட்டாவும், மற்ற நாளில் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் இங்கே கல்யாண வீடியோ எடுத்துப் பதினெட்டாயிரம் பார்க்கிறார்கள். மூன்று பேர் முப்பதுக்கு மேல்.

மண்டியில் இருபத்து மூன்றுக்கு எட்டுக் காய் தேறினால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பூங்கோதையிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ரசத்துக்கு உப்புப் போட மறந்திருந்தாள். நானும் சொல்லவில்லை.

மே 16, வெள்ளி

முப்பதுக்கு மேல் வாங்குகிற மூன்று பேரும் மனதை அரித்தார்கள். ஒரே குவியலில் மூன்று காய் மட்டும் ஏன் கனமாக இருக்கிறது? அவர்களில் ஜெசிந்தா என்ற பெண் உடுமலையில் இருக்கிறாள். அதிகம் சம்பாதிப்பது அவள்தான், நாற்பத்திரண்டாயிரம். பஸ் ஏறிப் போனேன். மில்களுக்கும் தென்னை நார்க் கம்பெனிகளுக்கும் விளம்பரப் படம் எடுக்கிறாள். சிறிய அறை, பெரிய கம்ப்யூட்டர்.

"படிக்கறதுக்கு முன்னால என்னம்மா பண்ணிட்டு இருந்த?" என்று கேட்டேன்.

"போட்டோ லேப்ல எட்டு வருசம் வேலைங்க ஐயா. கல்யாணமாகி ரெண்டு குழந்தைங்க ஆனப்புறந்தான் காலேஜ் சேந்தேன். கிளாஸ்ல எல்லாரும் 'அக்கா, அக்கா'ம்பாங்க. பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் 'மிஸ்'ம்பாங்க."

மற்ற இரண்டு பேரைப் பற்றிக் கேட்டேன். ஒருவர் சவுண்ட் சர்வீஸில் இருந்தவர். இன்னொருவர் எலக்ட்ரீசியன், கல்யாண மண்டபங்களுக்கு லைட் போட்டவர். மூன்று பேரும் கையில் தொழிலோடு வந்தவர்கள். அந்த வகுப்பில் அப்படி வேறு யாரும் இல்லையாம்.

"நேராப் பள்ளிக்கூடத்துல இருந்து வந்த பசங்களுக்கு இனிமேத்தான் கை பழகோணும். அதுக்குள்ள வீட்டுல பணம் கேக்கறாங்க. வேற வேலைக்குப் போயிடறாங்க. எங்களுக்குக் கை இருந்துச்சு, பேப்பர் இல்ல. பேப்பர் இல்லாதப்ப கம்பெனிக்காரங்க என்னை ரூமுக்குள்ளயே விடமாட்டாங்க. இப்ப நான் ரேட்டுச் சொல்றேன், அவங்க கேக்கறாங்க."

எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. முழங்கால் விடவில்லை.

கிளம்பும்போது, "உங்க மக ஏன் அப்பவே படிக்கலீங்க?" என்று கேட்டாள். வசதி இல்லை என்றேன்.

பஸ்ஸில் வரும்போது அந்தப் பதில் கூடவே வந்தது. எழுதிவிடுகிறேன். அன்றைக்குத் தபால்காரர், "மண்டிக்காரரே, உங்க புள்ளைக்குக் காலேஜ்ல எடம் கெடச்சிருக்குங்" என்று சொல்லித்தான் தபாலைக் கையில் கொடுத்தார். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உண்மை. காது நன்றாகக் கேட்டது என்பதும் உண்மை. அப்போது வீட்டில் அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தபாலை மண்டி அடுப்பில் போட்டேன்.

மே 18, ஞாயிறு

காலையில் பூங்கோதை வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

அவள் கை நிற்கவில்லை. "தெரியுமுங்ப்பா" என்றாள்.

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே. தபால்காரரு ரோட்டுல பாத்து, மிட்டாய் எங்கம்மிணின்னு கேட்டாரு."

"எங்கிட்டக் கேக்கவே இல்லியே கண்ணு."

"கேட்டிருந்தா நீங்க பொய் சொல்லியிருப்பீங்க. பொய் சொன்ன அப்பாவோட ஒரே வீட்டுல இருக்கறது கஷ்டம். கேக்காம இருந்தா, எப்பவாச்சும் சொல்லுவாருன்னு இருக்கலாம்."

வெங்காயத்தால் இரண்டு பேருக்கும் வசதியாகப் போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. அதுக்குப் பதிலா இதுன்னு பணத்தைக் குடுக்கறதா இருந்தா எனக்கு வேண்டாம். உங்க கணக்கு சரியா வந்தாக் குடுங்க. வரலீன்னா தம்பிக்குக் குடுத்துருங்க. நான் ஹெல்பராவே இருந்துக்கறேன்."

இவளுக்குத் தெரியாமல் கணக்கில் ஒரு பைசா கூட ஏற்றக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மே 21, புதன்

நியாயம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இன்று லாரி ஸ்டாண்டுக்குப் போனேன். குட்டி யானை வைத்திருக்கிற பதினான்கு பேரையும் கேட்டேன். தங்கவேல் சொன்ன சிநேகிதன் மாதம் நாற்பத்தைந்தாயிரம் எடுப்பது உண்மைதான். அவனுக்கு மாமனார் அரிசி மில் வைத்திருக்கிறார், லோடு அங்கேயே கிடைத்துவிடுகிறது. அவனைப் போல இன்னும் மூன்று பேர். ஆறு பேர் தவணை கட்டி டீசல் போட்ட பிறகு கூலிக்கு ஓட்டுகிறவன் அளவுக்கே பார்க்கிறார்கள். மீதி நான்கு பேர் தவணை பாக்கி. அதில் ஒருவன் என்னைக் கடன் கம்பெனி ஆள் என்று நினைத்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். பேட்டியை அவன் காலோடுதான் நடத்தினேன்.

மே 25, ஞாயிறு

தங்கவேலும் பூங்கோதையும் பாயில் உட்கார்ந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை விரித்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதை நானே பிறருக்குப் படித்துக் காட்டியது இதுதான் முதல் தடவை.

முதலில் லாரி ஸ்டாண்டுப் பதினான்கு பேர். தங்கவேல் நடுவில் எழுந்துவிட்டான். "என்னுங்ப்பா, சென்சஸ் எடுக்கப் போனீங்களா? ஸ்டாண்டுல என்ற மானமே போச்சு!"

"உக்காரு. உன்ற அக்கா கணக்குலயும் மானம் போவுது, கேளு."

அடுத்து இருபத்து மூன்று பேர். செல்போன் கடைப் பையன் உட்பட எல்லோரையும் படித்தேன். எட்டுப் பேர்தான் தேறினார்கள் என்று படித்தபோது பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டாள். தங்கவேல் நிமிர்ந்தான்.

பிறகு செலவு. கட்டணம் தொண்ணூற்றாறாயிரம். கம்ப்யூட்டர் எண்பத்தைந்தாயிரம். படம் எடுத்துப் பழகுகிற செலவு நாற்பத்தைந்தாயிரம். மொத்தம் இரண்டு லட்சத்து இருபத்தாறாயிரம்.

"சம்பளம் போறதச் சேத்தீங்களா?" என்றான் தங்கவேல்.

நான் அதை மறந்தே போயிருந்தேன்! பேனாவை எடுத்து அவர்கள் முன்னாலேயே எழுதினேன். மாலையும் ஞாயிறும் மட்டும் வேலை செய்தால் முதலாளி ஆறாயிரம் தருவதாகப் பூங்கோதையிடம் சொல்லியிருக்கிறார். மாதம் ஐயாயிரம் நட்டம். முப்பத்தாறு மாதத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். ஆக மொத்தம் நான்கு லட்சத்து ஆறாயிரம். தொகை பெரிதாகிவிட்டது. மறைக்கவில்லை.

கடைசியில் அந்த மூன்று பேர். போட்டோ லேப், சவுண்ட் சர்வீஸ், எலக்ட்ரீசியன். நாற்பத்திரண்டாயிரம், முப்பத்தைந்தாயிரம், முப்பத்தோராயிரம்.

"தொழிலோட வந்தவிய மூணே பேரு. மூணு பேரும் தேறிட்டாங்க. நம்ம பூங்கோதைக்குப் பதினாலு வருசக் கை இருக்குது. நடுவால இருக்கற முப்பத்தஞ்சையே வச்சுக்குவோம். இப்பத்த சம்பளத்துக்கு மேல மாசம் இருபத்துநாலாயிரம். பதினேழு மாசத்துல போட்டது பூரா திரும்பி வந்துரும்" என்று முடித்தேன்.

தங்கவேல் நோட்டை வாங்கி, பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுத்து கோணல்தான். எண்ணில் கோணல் இல்லை.

"அப்பா, எனக்கு அரிசி மில் மாமனார் இல்லீங்" என்றான். "நான் அந்தத் தவணை பாக்கி நாலு பேரோட அஞ்சாவதா ஆயிருப்பேன். அக்காளுக்கே குடுங்க." பிறகு அவளைப் பார்த்து, "பெரிய டைரக்டரம்மா ஆனா உன்ற வண்டிக்கு நான்தான் டிரைவர். பேட்டா கறாரா வாங்கிருவேன்" என்றான்.

"முதல்ல உன்ற சட்டையத் தொவை. சினிமாக்காரங்க வண்டியில நாத்தம் ஆகாது" என்றாள்.

மே 30, வெள்ளி

வங்கி. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பழக்கத்தில் கைநாட்டு மை டப்பாவை நகர்த்தினாள். நான் அதை மெதுவாக அவள் பக்கமே நகர்த்திவிட்டேன்.

ஜூன் 4, புதன்

சேர்ந்துவிட்டாள். ஞானப்பிரகாசம் சாருக்கு என் கணக்கின் ஜெராக்ஸைக் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தார். வேலை அனுபவம் உள்ளவர்களைத் தேடிப் போய்ச் சேர்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார். வாசல் பலகையில் இப்போது மூன்று படம்தான் இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

சமையல் இப்போது நான். பருப்பு அடிப்பிடித்தது. பூங்கோதை கல்லூரியில் இருந்து நேராக ஸ்டூடியோவுக்குப் போகிறாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. கேட்டால் சிரிக்கிறாள்.

செப்டம்பர் 10, புதன்

முதல் பருவத்துக்கு எல்லோரும் ஏழு நிமிடப் படம் ஒன்று எடுக்க வேண்டுமாம். பூங்கோதை மாட்டுச் சந்தையை எடுத்துக்கொண்டாள். சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். வாய் திறக்க மாட்டார்கள், மற்றவர்கள் பார்க்கவும் கூடாது. ஒரு தரகர், "ஏம்மிணி, துண்டுக்குள்ள கேமராவ உடலாம்னு பாக்கறயா?" என்று விரட்டினாராம். "துண்டு வேண்டாமுங், உங்க மூஞ்சி போதும்" என்றாளாம். தங்கவேல் ஒரு நாள் விடுப்புப் போட்டு ஸ்டாண்டும் விளக்கும் தூக்கினான். பேட்டா கேட்டான். புரோட்டா கொடுத்திருக்கிறாள்.

நவம்பர் 28, வெள்ளி

இன்று பகல் பதினோரு மணிக்குக் கல்லூரி அரங்கில் படங்களைப் போட்டார்கள். நானும் தங்கவேலும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனோம். சந்தையிலிருந்து தரகர்கள் ஒன்பது பேர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தாவும் உடுமலையிலிருந்து வந்திருந்தாள்.

ஐந்தாவதாகப் பூங்கோதையின் படம். முழுக்க முகங்கள்தான். ஒருவர் புருவம் ஏறுகிறது. எதிரில் இருப்பவர் உதட்டைக் கடிக்கிறார். கீழே துண்டு மட்டும் அசைகிறது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அரங்கமே விலை எவ்வளவு என்று தவித்தது. மாடு கைமாறியதும் பையன்கள் விசிலடித்தார்கள். தங்கவேல் என் முழங்காலைப் பிடித்து நசுக்கினான்.

ஜெசிந்தா குனிந்து என் காதில், "பொங்கலுக்கு முன்னால எனக்கு ரெண்டு நார்க் கம்பெனிப் படம் இருக்குங்க ஐயா. எடிட்டிங் இவங்கதான். ஒண்ணுக்குப் பன்னெண்டாயிரம். சொல்லிட்டேன்" என்றாள். பதினேழு மாதக் கணக்கு படிப்பு முடிந்த பிறகு தொடங்க வேண்டியது. முதல் பருவத்திலேயே தொடங்கிவிட்டது.

பிறகு திரையில் பெயர்கள் வந்தன. இதற்கு முன் போட்ட நான்கு படத்திலும் பெயர்கள் ஓடின ஓட்டத்தில் எனக்கு இரண்டு எழுத்துக்கு மேல் அகப்படவில்லை. இந்தப் படத்தில் பெயர்கள் ஓடவில்லை. வந்து நின்றன. எழுத்து பெரிது. ஒரு பெயர் போய் அடுத்த பெயர் வரும்வரை தாராளமாக நேரம் இருந்தது. பின்னால் யாரோ ஒரு ஆசிரியர், "என்னம்மா, டைட்டில் இவ்வளவு நேரம் நிக்குது? மார்க் போயிடுமே" என்றார்.

"போனாப் போகட்டுமுங் சார். ஒருத்தரு படிக்கோணும்" என்று பூங்கோதையின் குரல் கேட்டது.

நான் சத்தமாகத்தான் படித்தேன். எனக்கு வேறு விதமாகப் படிக்கத் தெரியாது. இயக்கம், படத்தொகுப்பு, பூங்கோதை மாரப்பன். விளக்கு, தங்கவேல். பிறகு தரகர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பெயர் வந்தவர் எழுந்து நின்றார், மற்றவர்கள் கைதட்டினார்கள். கடைசிப் பெயரை நான் படித்து முடிக்கிற வரைக்கும் யாரும் அரங்கில் விளக்குப் போடவில்லை.